நாலாம் ஈத்து

ஜனவரி 19, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் கொடுத்த டைரி இது. பட்டாளத்துக்காக எழுதப்போகிறேன். பட்டாளம் என்பது நான் வாங்கியிருக்கும் செம்மறி முட்டுக்கிடாயின் பெயர். என்ன தின்றது, எவ்வளவு நேரம் நீந்தியது, எந்தக் கிடாயோடு மோதியது என்று எல்லாம் இதில் இருக்கும். போன வருடம் எல்லாவற்றையும் மண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கோட்டை விட்டேன். மாசித் திருவிழாவில் நாலைந்து முட்டிலேயே என் கிடா முகத்தைத் திருப்பிக்கொண்டது. எங்கள் பக்கத்தில் முகம் திருப்பிய கிடா வீடு திரும்பாது. முட்டு நடக்கும் பொட்டலிலேயே அறுத்து ஜெயித்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு தொடை மட்டும் தோற்றவன் வீட்டுக்கு வரும். அதைத் தின்று முடிப்பதற்குள் ஊர் என்னை நக்கலடித்தே கொன்றுவிட்டது.

நாங்கள் அண்ணன் தம்பி நாலு பேர். நான் தவசி, மூத்தவன். அடுத்து சோணை, அதற்கடுத்து ஜெயவீரன். மூவருக்கும் ஒரே கறிக்கடை. கடைசி செழியன் டவுனில் கண்ணாடிக்கடையில் கண்ணுக்குப் பவர் பார்த்துக் கொடுக்கிறான். மூன்று கசாப்புக்காரர்களுக்குப் பின்னால் பிறந்தவன், ரத்தத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போவான். அப்பா இல்லை. அம்மா பவுனம்மாளும் செழியனும் என்னோடு இருக்கிறார்கள். வீட்டுக்காரி ராஜகனிக்கு இது ஏழாம் மாதம். ஏற்கனவே மூன்றும் பையன்கள். இந்தத் தடவை பெண்தான்.

ஜனவரி 28, செவ்வாய்

பருத்திக்கொட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை, முட்டை. தோப்புக் கிணற்றில் நீச்சல். இடது கொம்பின் அடியில் லேசான கீறல், மஞ்சள் வைத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பட்டாளத்தின் வழியில் குட்டி எடுக்கலாமென்று இரண்டு பெட்டை ஆடுகளைக் கொட்டகைக்குள் விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரமாக இதே கதை. இன்று பக்கத்தில் கட்டியிருந்த செவலைக் கிடா மேல் போய் ஏறியது. அடித்து விலக்கினேன். மறுபடியும் அதன் மேலேயே ஏறியது. வேடிக்கை பார்க்க வந்த பயல்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இத வச்சிருந்தா நமக்குத்தான்ணே அசிங்கம். அறுத்துருவோம்" என்றான் சோணை.

முட்டும்போது இதன் வேகம் என்ன, அடி என்ன, இதை அறுப்பானாம். திருவிழா முடியட்டும் என்றேன். செழியன் வேலைக்குக் கிளம்பி நின்றவன், "அதுக்குப் புடிக்கலேன்னா விட்டுர வேண்டியதுதானண்ணே, அத எதுக்குப் போட்டு அடிக்கிற" என்றான். ஆட்டைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று செழியனுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது. வேன் சொல்லி, பூப்பழம் வாங்கி, எல்லோரும் உடுத்தி நின்ற பிறகு அம்மாவிடம் போய், "எனக்குப் பொண்ணு வேணாம்மா. இந்தப் பொண்ணுன்னு இல்ல, எந்தப் பொண்ணுமே வேணாம்" என்றிருக்கிறான். சோணை அவன் போனைப் பிடுங்கினான்.

கிருபாகரன் என்று ஒருவன். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன். இரண்டு பேரும் தோளில் தோள் சாய்த்துக்கொண்டு எடுத்த படம் நிறைய. ஒருவருக்கொருவர் எழுதியதை எல்லாம் சோணை சத்தம் போட்டுப் படித்தான். கேவலமாக எதையோ எதிர்பார்த்துத்தான் நானும் நின்றேன். 'சாப்பிட்டியா', 'வீட்டுக்குப் போயிட்டியா', 'தலைவலி விட்டுச்சா' என்றுதான் பக்கம் பக்கமாக இருந்தது. புருஷன் பொண்டாட்டி மாதிரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கண்டிக்க வேண்டியதாயிற்று. பட்டாளத்தைக் கட்டப் புது முளைக்குச்சி சீவ வேண்டும். பழையது முறிந்துவிட்டது. நல்ல புளியங்கட்டை.

பிப்ரவரி 10, திங்கள்

செழியனைக் கிடாக் கொட்டகையில் வைத்துப் பூட்டியிருக்கிறது. வீட்டுக்குள் என் பையன்கள் கண்ட கேள்வியும் கேட்பார்கள். கண்ணாடிக்கடைக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியாயிற்று.

எதனால் இப்படி ஆனான் என்பதை சோணை ஒரே பேச்சில் முடித்தான். "இவனுக்குச் சேனை வச்சது யாரு? சங்கிலி மாமாதான? பெறகு எப்படி இருப்பான்?"

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வந்துவிடும். எனக்கு அப்பா வைத்தார். அவருடைய கோபம் அப்படியே எனக்கு என்று ஊரில் சொல்வார்கள், நானும் அதைப் பெருமையாகத்தான் கேட்டுக்கொள்வேன். சங்கிலி மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சம்பாதித்ததை எல்லாம் அக்காமார் பிள்ளைகளுக்கே கொட்டினார். எங்கள் கறிக்கடையே அவர் வைத்துக் கொடுத்ததுதான். அவர் செத்தபோது சைக்கிள் கடை தாசன் எதற்காக மொட்டை போட்டுக்கொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 12, புதன்

அந்த ஆம்புலன்ஸ்காரனைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தோம். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். அவன் என்னையே கேட்கிறான், "செழியன் உசுரோட இருக்கானாண்ணே?" என்று. என்னை அண்ணே என்று கூப்பிட இவன் யார். அவன் வலது கையை இழுத்து வண்டிக் கதவு இடுக்கில் வைத்தேன். ஜெயவீரன் கதவை அறைந்து சாத்தினான். மூன்று விரல். ஓட்டுகிறவனுக்கு இன்னொரு கை இருக்கிறது.

இனி எல்லாம் சரியாகிவிடும். பட்டாளம் நன்றாகத் தின்கிறது. செழியன் தின்னவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கொம்பில் கீறியிருந்த இடத்தில் புழு வைத்துவிட்டது. கால்நடை டாக்டரம்மா ஹெலனை வரவழைத்தேன். கொட்டகைக்குள் ஆள் இருப்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். வைக்கோல் மேல் செழியன் படுத்திருந்தான். பட்டாளம் அவன் மேல் தலையை வைத்துக்கொண்டு கிடந்தது. என்னைத் தவிர யார் கிட்டே போனாலும் முட்டுகிற கிடா அது. டாக்டரம்மா கிடாயை விட்டுவிட்டு அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை, அவனே சொன்னான். உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது.

அந்தம்மா கத்தவில்லை. அவன் காயத்தைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார். "எத்தனை கெடா வளத்திருப்பீங்க தவசி?"

"முப்பதுக்குக் கொறையாது."

"அதுல பொட்டையப் பாக்காம கெடாவையே பாக்குறது?"

யோசித்துப் பார்த்தேன். "ரெண்டு. இதோட மூணு. மத்த ரெண்டையும் அறுத்துட்டோம்."

"பத்துப் பன்னெண்டுக்கு ஒண்ணு அப்படித்தான் பொறக்கும். வெளிநாட்டுல பண்ணையில வச்சுப் பாத்திருக்காங்க. அதோட மூளையே கொஞ்சம் வேற மாதிரி இருக்கு. நீங்க அடிச்சா அடி வாங்கிக்கும், மாறாது."

மனிதருக்கு எப்படி என்று கேட்டது நான்தான். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"ஒரே காரணம்னு யாரும் கண்டுபிடிக்கல. ஒரு ஜீன் இல்ல, நெறைய ஜீன் சேந்து கொஞ்சம். தாய் வழியில கொஞ்சம் வரலாங்குறாங்க. அப்புறம் அண்ணன்மாரு."

"அண்ணன்மாரா?"

"ஒரே வயித்துல ஆம்பளப் பிள்ளையாப் பொறக்கப் பொறக்க, அடுத்த பையனுக்கு இதுக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடுது. பையனைச் சுமக்குறப்ப தாயோட ஒடம்பு அவனுக்கு எதிரா எதையோ தயார் பண்ணிக்குது, அது அடுத்தடுத்து வர்ற பையன்மேல வேலை செய்யுதுன்னு நெனைக்கிறாங்க. கூடுதுன்னா ரொம்ப இல்ல. நாலாவதாப் பொறக்குற பையங்கள்லயும் பெரும்பாலும் உங்கள மாதிரிதான்."

"அப்ப இதுவும் ஈத்துக் கணக்குதான்" என்றேன். ஆட்டுக்காரனுக்கு எல்லாம் ஈத்துதான். முதலில் ஈன்றது தலையீத்து, பிறகு இரண்டாம் ஈத்து, மூன்றாம் ஈத்து. எந்த ஈத்துக் குட்டி என்று கேட்காமல் நாங்கள் விலை பேசுவதில்லை.

எனக்கு இன்னொன்றும் இடித்தது. குட்டியே போடாதவன் வழி எப்போதோ அற்றுப் போயிருக்க வேண்டாமா? பிறகும் எப்படி வந்துகொண்டே இருக்கிறது? அதையும் கேட்டேன்.

"நல்ல கேள்விதான். அவன்கிட்ட கொறையிறது அவன் குடும்பத்துப் பொம்பளைங்ககிட்ட கூடுதுன்னு ஒரு யூகம். அம்மா, சித்தி, பெரியம்மாவுக்கெல்லாம் பிள்ளைங்க அதிகமாப் பொறக்கும். கல்யாணம் பண்ணாத மாமன் அக்கா பிள்ளைங்களுக்குப் பாடுபட்டா, அதுவும் வழியைக் காப்பாத்துறதுதான்னு இன்னொரு யூகம். எதையும் நான் நிச்சயம்னு சொல்ல மாட்டேன்."

அம்மாவோடு பிறந்த அக்காமார் மூன்று பேருக்கும் வீடு கொள்ளாத பிள்ளைகள்.

போகும்போது வாசலில் நின்று, "நாளைக்குக் காலையில வருவேன். அந்தப் பையன் வீட்டுக்குள்ள கட்டில்ல படுத்திருக்கணும். இல்லேன்னா நேரா போலீஸ்தான்" என்றார். கொம்புக்கு மருந்து வைத்ததற்குப் பணம் வாங்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

செழியனை வீட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று. பின் அறை. கதவுக்கு வெளியே பூட்டு.

டாக்டரம்மா சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவள் மேல் குற்றம் இல்லை என்று ஆறுதலாகச் சொல்லத்தான் போனேன். "நாங்க மூணு பேரும் முன்னால பொறந்துட்டமாம், அதான் அவன் இப்படியாம். ஒன் வயித்துக் கோளாறும்மா, யார் என்ன செய்ய முடியும்."

அம்மா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். மூலையில் நான் சீவி வைத்திருந்த புது முளைக்குச்சியை எடுத்தாள்.

"நீதான தலையீத்து. அப்ப மொத அடி ஒனக்குத்தான்."

முழங்காலில் ஒன்று, முதுகில் ஒன்று, தடுத்த கையில் ஒன்று. என் பையன்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. ராஜகனி வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எனக்கு முழங்கால் வீக்கம். நடைப்பயிற்சி இல்லை. பட்டாளம் ராத்திரி தீனியைத் தொடவில்லை. செழியனைத் தேடுகிறதோ என்னவோ.

பிப்ரவரி 24, திங்கள்

நான் ஒரு மடையன். விஷயம் இன்னதென்று விளங்கினால் தம்பிகள் அடங்குவார்கள் என்று நினைத்துக் கடையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சோணை ஒரு தொடையைத் துண்டு போட்டுக்கொண்டே கேட்டான். முடிந்ததும் கத்தியை மரக்கட்டையில் குத்தி வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அப்ப மதினி வயித்துல இருக்கது? அதுவும் நாலாவதுதான? பையனாப் பொறந்தா அதையும் கொட்டகைக்கு அனுப்பிருவியாண்ணே?"

ஜெயவீரனும் சிரித்தான். வாடிக்கையாக வருகிற வாத்தியாரும் கறியை வாங்கிக்கொண்டே சிரித்தார்.

அதற்குப் பிறகு கடையில் சின்னத் தகராறு. தராசு உடைந்துவிட்டது. சோணையின் காது மடலில் தையல். எனக்கு முன்பல் ஒன்று இல்லை. மதியத்துக்கு மேல் வியாபாரம் செய்யவில்லை.

மனதில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்தான் பிறக்கும். ராஜகனிக்கு வயிறு அகலமாக இறங்கியிருக்கிறது, அது பெண்ணுக்குத்தான் அப்படி என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

தம்பிகள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சண்டையைப் பற்றிப் பேசவில்லை. சோணை காதில் கட்டோடு, மெதுவாக, நல்ல பிள்ளையாகப் பேசினான். டவுனில் விஷயம் கசிந்துவிட்டது. தன் மகளை நாளைக்கு யார் கட்டுவார்கள் என்று கேட்டான்.

"திருவிழா அன்னிக்கு ஊரே பொட்டல்ல கெடக்கும். அவன அந்நேரம் தோப்புக் கெணத்துக்குக் கூட்டிட்டுப் போறோம். குளிக்கப் போனான், நீச்சத் தெரியாம உள்ள போயிட்டான். அவ்வளவுதான். நீ கெடாவப் புடிச்சுக்கிட்டுப் பொட்டல்லயே இரு. ஒனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். நீ மூத்தவன், ஒன் காதுல போடாமச் செய்யக் கூடாதுல்ல."

நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பட்டாளத்துக்குப் புதுக் கயிறு வாங்க வேண்டியிருந்தது, கடைத்தெருவுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 8, சனி

கொண்டைக்கடலை நிறுத்தியாயிற்று. வெல்லமும் முட்டையும் மட்டும். கொம்பு ஆறிவிட்டது. நாளை திருவிழா.

செழியன் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். "நாளைக்குப் பட்டாளம் ஜெயிச்சுருமாண்ணே?" என்று கேட்டான். தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதியாக வேண்டும்.

எதிர்க் கிடா பட்டாளத்தைவிட ஒரு பிடி உயரம். முதல் முட்டிலேயே அதன் நெற்றி பிளந்தது. பட்டாளம் பின்னால் போய்ப் போய் ஓடி வந்து மோதியது. ஒவ்வொரு மோதலுக்கும் பொட்டல் முழுக்க ஓவென்று சத்தம். இரண்டு முகத்திலும் ரத்தம், கண் தெரியவில்லை, ஆனாலும் இரண்டும் முகத்தைத் திருப்பவில்லை. இப்படி ஒரு மோதலை இந்த ஊர் பார்த்ததில்லை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

எப்போதும் எனக்குப் பின்னால் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு தம்பிகள் நிற்பார்கள். எங்கள் வீட்டு வழக்கம் அது. நான் திரும்பிப் பார்த்தேன். யாரோ தெரியாதவன் கயிற்றைப் பிடித்திருந்தான்.

பொட்டலில் முகத்தைத் திருப்பியது பட்டாளம் இல்லை, நான்.

கயிற்றை விட்டுவிட்டு ஓடினேன். முட்டு நடக்கும்போது கயிற்றை விட்டால் தோல்வி. பின்னால் ஊரே கத்தியது. முழங்கால் இன்னும் சரியாகவில்லை, விழுந்து எழுந்து ஓடினேன். வீட்டு வாசலில் அம்மா நெற்றி உடைந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் தோப்புப் பக்கம் கையைக் காட்டினாள்.

கிணற்றுப் படியில் சோணை இடுப்பளவு தண்ணீரில் நின்று செழியன் தலையை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தான். ஜெயவீரன் கால்களைப் பிடித்திருந்தான். செழியன் உதறுவதை நிறுத்தியிருந்தான். என் கையில் ஒன்றும் இல்லை. மேலே இருந்து தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்து சோணையை முட்டினேன். தோளெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஜெயவீரன் கல்லை எடுத்து என் மண்டையில் போட்டான். அவன் கையைக் கடித்தேன், சதை வாயோடு வந்தது. தம்பியின் ரத்தம் என்று துப்பும்போதுதான் உறைத்தது. அவர்கள் ஓடிப் போனார்கள்.

செழியனைப் படியில் குப்புறப் போட்டு முதுகை அமுக்கினேன். தண்ணீரும் ரத்தமுமாக வந்தது. மூச்சு வந்தது, போனது, வந்தது. அவன் போன், சோணை பிடுங்கிக் கொடுத்த அன்றிலிருந்து என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. நனைந்தும் வேலை செய்தது. ஆம்புலன்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே ஆள்.

"செழியா" என்று எடுத்தான்.

"நான் தவசி பேசுறேன். வண்டி வேணும்."

"யாருக்குண்ணே?"

"அவனுக்குத்தான்."

வலது கையில் மூன்று விரலும் கட்டோடு, இடது கையாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். வண்டிக் கதவை நான் திறக்கப் போனபோது அவன் உடம்பு ஒரு கணம் பின்வாங்கியதைப் பார்த்தேன். செழியனைத் தூக்கிப் படுக்க வைத்து, நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டான். அம்மாவும் அவர்களோடு ஏறிப் போனாள்.

மார்ச் 10, திங்கள்

செழியன் பிழைத்துக்கொண்டான். அம்மாவுக்கு நெற்றியில் தையல்.

சாயங்காலம் பாத்திரத்தில் மூடி ஒரு தொடை வந்தது. பட்டாளம். நான் ஓடிய பிறகும் அது முகத்தைத் திருப்பவே இல்லையாம், ஆனாலும் கணக்கு கணக்குதானே என்றான் கொண்டுவந்தவன். கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தேன். பிறந்ததிலிருந்து கறியோடு புழங்குகிறவன். குழி மேல் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 19, புதன்

பையன்.

மார்ச் 22, சனி

இன்று தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு எதுவும் வாயில் வைக்கக் கூடாது என்று நர்ஸ் காவல் காத்துக்கொண்டே நின்றதால் ஆஸ்பத்திரியில் சேனை வைக்க முடியவில்லை. அம்மா கிண்ணத்தில் சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொண்டு, "யாருடா வைக்கிறது?" என்றாள். முதல் மூன்று பையன்களுக்கும் சோணைதான் வைத்தான்.

"செழியன்" என்றேன்.

ராஜகனி பல நாளைக்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. கிருபாகரன் இறங்கவில்லை. செழியன் மட்டும் நடந்து வந்தான். ஒரு கண் இன்னும் சிவப்பாக இருந்தது. எதிர் டீக்கடை பெஞ்சில் சோணை தோள்கட்டோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஜெயவீரன், மடியில் துண்டு போட்டு எதையோ மூடி வைத்திருந்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் செழியன் வாசல்படி ஏறினான்.

"வேணாண்ணே" என்றான். "நாளைக்கு இந்தப் பய எப்படி வந்தாலும் நான் சேனை வச்சதுதான் காரணம்னு சொல்லுவ. அப்பவும் என்னையத்தான் அடிப்ப."

"இவனுக்கு முன்னால மூணு பயக பொறந்திருக்காங்க. ஒனக்கு முன்னால நாங்க மூணு பேரு பொறந்தோம். அதுக்கு நீ என்ன செய்வ, இவன்தான் என்ன செய்வான். வையி."

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல."

கிண்ணத்தில் விரலைத் தொட்டான். கொட்டகையில் நகம் பிய்ந்த விரல், இன்னும் முளைக்கவில்லை. பிள்ளை அந்த விரலைக் கவ்விப் பிடித்துச் சப்பியது. எடுக்கப் பார்த்தால் விடவில்லை. செழியன் முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

என் மூத்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி சித்தப்பா மாதிரியே வருவானாப்பா?" என்று கேட்டான்.

"வரட்டும்" என்றேன்.

இதை வாசல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முளைக்குச்சி பக்கத்தில் கிடக்கிறது. கட்டுவதற்குக் கிடா இல்லை. உள்ளே இன்னும் அவன் விரலைப் பிள்ளை விடவில்லை போலிருக்கிறது, அம்மா சிரிக்கிற சத்தம் கேட்கிறது. எதிர் பெஞ்சிலிருந்து தம்பிகள் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். டைரியை மூடுகிறேன்.